ஒத்துப் பார்க்க ஆள் இல்லை

எங்கள் ஓய்வுபெற்ற ஊழியர் சங்கச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். ஆண்டு மலர் போடுகிறார்களாம். "அண்ணாச்சி, டைப்ரைட்டர்ல ஆரம்பிச்சு கம்ப்யூட்டர் வரைக்கும் பாத்தவுக நீங்கதான். ஆபீஸ் வேலை எப்படி லேசாச்சுன்னு சந்தோஷமா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். சந்தோஷமா எனக்கு எழுத வராது, கோபமா எழுதினா போடுவீங்களா என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன், போட்டால் போடுங்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். தென்காசியில் தேரோடும் வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள், வீடு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். தென்காசிக் கோயிலில் இருக்கிற அம்மை உலகம்மை தந்த பிச்சை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் குறையில்லை.

ஆபீசில் எங்களுக்கு மேல் சூப்பரிண்டெண்ட் வேலாயுதம் இருந்தார். நல்லவர் என்று சொல்லிவிட மாட்டேன். என் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட, "மாப்ளைக்கு இன்னைக்கு என்னவே வேலை? பந்தல் போடுதவன்லா போடணும்" என்று என்னைச் சாயங்காலம் வரை உட்கார்த்தி வைத்தவர். ஒரு தடவைகூட நல்லா அடிச்சிருக்கீரு என்று சொன்னது கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு முறை இருந்தது. அதை நாங்கள் ஒத்துப் பார்க்கிறது என்போம்.

இன்றைக்குள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. சொல்லிவிடுகிறேன். அதிகாரி கையால் எழுதித் தருவது டிராஃப்ட். நாங்கள் அடிப்பது ஃபேர் காப்பி. அடித்து முடித்ததும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். அடித்தவர் டிராஃப்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். மற்றவர் ஃபேர் காப்பியில் விரல் வைத்துக்கொண்டே போவார். கமா வந்தால் 'கமா' என்று வாயால் சொல்ல வேண்டும். வாக்கியம் முடிந்தால் 'ஃபுல்ஸ்டாப்'. எண் வந்தால் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். அடித்தவர் கையில் மட்டும் ஃபேர் காப்பி போகக் கூடாது. ஏன் சார் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"வே, அடிச்சவன் கண்ணு அடிச்சதைப் பாக்காது. அடிக்க நினைச்சதைத்தான் பாக்கும். ஒம்ம கண்ணை நீரு நம்புவீரு, நான் நம்ப மாட்டேன்."

இன்னொரு கட்டளையும் உண்டு. வாசிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. தப்பு வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போக வேண்டும். கடைசி ஃபுல்ஸ்டாப் வரை வாசித்துவிட்டு, இரண்டு பேரும் கீழே இடது மூலையில் இனிஷியல் போட வேண்டும். அந்த இனிஷியலுக்கு ஒரே அர்த்தம்தான். 'இது முழுக்க வாய்விட்டு வாசிக்கப்பட்டது.' அவ்வளவே. அதில் எழுதியிருப்பது நியாயமா அநியாயமா, நிசமா பொய்யா என்பது மேலே கையெழுத்துப் போடுகிறவர் பாடு. இது ஆபீசில் பியூனிலிருந்து டைரக்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எதிரே உட்கார்ந்தவன் காதர் மைதீன். கடையநல்லூர்க்காரன், நெசவுக் குடும்பம். என்னைவிட இளையவன். அவன் வாசித்தால் மதரசாவில் ஓதுகிற மாதிரி உடம்பு முன்னும் பின்னும் ஆடும். பஞ்சு வியாபாரிக்குப் போகிற கடிதத்தைக்கூட அப்படித்தான் வாசிப்பான். நான் வாசித்தால் என்னை அறியாமல் தேவார ராகம் வந்துவிடும். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், "இந்தப் பக்கம் பள்ளிவாசல், அந்தப் பக்கம் கோயிலு, நடுவுல நாங்க எப்படிய்யா கணக்குப் பாக்கது?" என்பார். காதர் ஆட்டத்தை நிறுத்தாமலே, "காணிக்கையைப் போட்டுட்டு ஓரமா உக்காரும் சார், கமா" என்பான்.

அவன் மச்சான் சவூதியில் இருந்தான். விசா வாங்கி அனுப்பினான். காதர் போகவில்லை. அவன் உம்மாவுக்குப் பார்வை போய்விட்டது. வாப்பா இல்லை. "நான் போய்ட்டா உம்மா யாரு கையைப் பிடிச்சு எந்திரிப்பா அண்ணாச்சி? இங்கன டைப் அடிச்சுக்கிட்டு கெடக்கேன், போதும்" என்றான். இந்த வேலை இருந்தால் உம்மாவோடு இருக்கலாம், இல்லையென்றால் கடல் தாண்ட வேண்டும். அவன் கதை அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் வேலாயுதம் ஓய்வு பெற்றார். மில்லும் பெரிய முதலாளி கையிலிருந்து மகன் கைக்கு வந்தது. புது டைரக்டரான அவர் வெளியூரிலிருந்து ஒரு நிர்வாக அதிகாரியைக் கொண்டுவந்தார். இஸ்திரி கலையாத ஆள். வந்த முதல் வாரம் நாங்கள் ஒத்துப் பார்ப்பதை வாசலில் நின்று பார்த்தார்.

"என்னய்யா இது, ரெண்டு பேர் உக்காந்து பஜனை பாடறீங்க? இதுக்கா சம்பளம்?"

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் வந்தது. வேர்ட் ப்ராசசர் என்று சொல்லிக்கொண்டு மதுரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து வைத்தார். அதற்கென்று கண்ணாடி அறை, குளிர்சாதனம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் அதை மதித்தேன், பொய் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு என் டைப்ரைட்டருக்கு வைக்கிற மாதிரி அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கப் போனேன். மதுரைக்காரர் பாய்ந்து கையைப் பிடித்தார். "ஐயோ, உள்ள போயிடும்! பாழாப் போயிடும்!" சரி, வேண்டாம் என்று வெளியிலிருந்தே கும்பிட்டேன். அது செய்கிற வேலை அதிசயம்தான். ஒரு எழுத்துத் தப்பினால் ரப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஐந்து கார்பனையும் விரித்துத் திருத்த வேண்டாம். ஸ்டென்சிலில் தப்பினால் சிவப்புத் தைலம் தடவிக் காயும்வரை ஊதிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கடிதத்தை உள்ளே போட்டு வைத்தால் எத்தனை பேருக்கும் பேரை மட்டும் மாற்றி எடுக்கலாம். மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பாவம், சொன்னதைச் செய்கிறது.

கோபம் இதற்குத்தான். அன்றைக்கே ஒத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு. "மெமரியில இருக்கிறது ஒரு தடவை சரின்னா ஆயிரம் தடவை சரி. எதுக்கு ரெண்டாவது ஆள்?" டிராஃப்டும் போயிற்று. அதிகாரி வாயால் சொல்லுவார், ஸ்கிரீனில் மாற்ற வேண்டும். பழைய டைப்ரைட்டரில் அடித்துத் திருத்தினால் தாள் சொல்லிவிடும். தேய்த்த இடம் மெலிந்து வெளிச்சத்தில் தெரியும். இதில் நூறு தடவை மாற்றினாலும் தாள் குளித்துவிட்டு வந்த மாதிரி வரும். யார் எப்போது என்ன மாற்றினார் என்று அந்தத் தாளைக் கேட்டுப் பிரயோசனமில்லை. அதிகாரிக்கு அந்த மெஷினில் பிடித்ததே அதுதான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காதரை மெஷினில் போட்டார்கள். என்னைப் பங்களா டைப்பிஸ்ட் ஆக்கினார்கள். சாரல் தொடங்கிவிட்டால் டைரக்டர் குடும்பம் குற்றாலத்து பங்களாவுக்கு வந்துவிடும். அதிகாரியும் அங்கேதான். சின்ன டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போக வேண்டும். பின்பக்கத் தாழ்வாரத்தில் எனக்கு ஒரு மேசை. சாரல் காலத்தில் காகிதம் அப்பளம் மாதிரி நமத்துப் போகும், கார்பன் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் தாளைக் காயவைத்து அடிப்பேன். அதிகாரி தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் ஆபீசை விரட்டுவார். ஐந்தருவிக்குப் போகிற அவசரத்தில் மில் நடக்கும்.

அந்த வருஷம் தற்காலிகத் தொழிலாளர்கள் கொஞ்சம் பேரை நீக்கினார்கள். நீக்கக் கடிதம் மெஷினில் இருந்தது. இன்னொரு பக்கம், வெகுநாள் வேலை பார்த்த சிலரை நிரந்தரமாக்க முடிவானது. அந்தக் கடிதமும் மெஷினில் இருந்தது. நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பேர் மட்டும், தலைப்பு ஒன்றும் இல்லாமல், பங்களாவிலிருந்து ஆபீசுக்குப் போனது. காதர் பங்களாவுக்கு போன் போட்டான். அதிகாரி எண்ணெய்க் கையோடு ரிசீவரைப் பிடித்தார். நான் பத்தடி தள்ளி இருந்தேன். இவர் பேசினதை முழுக்கக் கேட்டேன்.

"ஆமா... போன தடவை போட்டியே, அதே லெட்டர்தான்யா. பேரை மட்டும் மாத்து... என்ன? டிராஃப்ட்டா? டிராஃப்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மெமரியில இருக்குல்ல? சொன்னதைச் செய்... ஆமாய்யா, அதேதான்! எத்தனை தடவை கேப்பே?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க ஆளுக்கு சொன்னா ஒரு தடவையில ஏறாதா?" என்றார்.

போன தடவை போட்டது நீக்கக் கடிதம். இவர் மனதில் நினைத்தது மற்றது. காதர் ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டிருக்கிறான், இவர் மூன்று தடவையும் அதேதான் என்றிருக்கிறார். கடிதக் கட்டை டிரைவர் கொண்டுவந்தார். அருவிக்கரையில் காரின் பானெட் மேல் வைத்து, தாளின் கீழ்ப்பக்கத்தை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டாராம் அதிகாரி. டிரைவரே பிறகு சொன்னார்.

கடிதங்கள் போய்விட்டன. குத்துக்கல்வலசையில் மாடசாமி என்று ஒரு தொழிலாளி. இந்தத் தடவை நிரந்தரமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் அதை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய், "படிச்சுச் சொல்லுங்க, எல்லாருக்கும் டீ நான் வாங்கித் தாரேன்" என்றிருக்கிறான். படித்துச் சொன்னவர் இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். மறுநாள் காலை மில் கேட்டில் கூட்டம். உள்ளே ஒரு நூற்புக் கதிர்கூடச் சுற்றவில்லை.

குற்றாலத்திலிருந்து கார் பறந்து வந்தது. கேட்டில் நின்று எல்லார் முன்னாலும் அதிகாரி சொன்ன முதல் வார்த்தை: "டைப்பிங் மிஸ்டேக்."

இந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இந்த நாட்டில் பெரியவர்கள் செய்த தப்பெல்லாம் எங்கள் விரல் நுனியில் கொண்டுவந்து துடைத்திருக்கிறார்கள். மறதி, அலட்சியம், படிக்காமல் போட்ட கையெழுத்து எல்லாவற்றுக்கும் அதே ஒரு பேர்தான். தொழிலாளர்களுக்கு அன்றைக்கே சரியான கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சங்கம் சந்தோஷத்தில் வெடி போட்டது. ஆபீஸ் ஆளுக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை. காதரைத் தற்காலிக வேலை நீக்கம் செய்து, உள் விசாரணை வைத்தார்கள்.

நான் சாட்சி சொல்லுகிறேன் என்றேன். என் வீட்டில் அழுதாள். "நமக்கும் மூணு பிள்ளை இருக்கு" என்றாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "போய்ச் சொல்லுங்க" என்று அவளே திருநீறு பூசிவிட்டாள்.

விசாரணைக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். ஆபீஸ் ஹாலிலேயே, எல்லார் முன்னாலும் நடந்தது. நான் கேட்டதை, கேட்டபடி சொன்னேன். 'போன தடவை போட்ட அதே லெட்டர், டிராஃப்ட் கிடையாது' என்று அதிகாரி போனில் சொன்னார் என்றேன். வக்கீல் கண்ணாடி அறை வாசலில் நின்று இங்கிலீஷில் சுருக்கிச் சொல்ல, உள்ளே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அடித்தாள். சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். அந்நேரம் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போனதை நான் பார்த்தேன். பிறகு கையெழுத்துக்கு என் முன் தாள் வந்தது. ஒரு அழுக்கு இல்லை, ஒரு தேய்ப்பு இல்லை.

"ஒத்துப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றேன்.

அதிகாரி சிரித்தார். "ஒத்துப் பாக்க ஆளுக்கு எங்கய்யா போறது? அந்தப் போஸ்ட்டையே எடுத்தாச்சே."

சுவரோரம் நின்றுகொண்டிருந்த காதர், "நான் வாசிக்கேன் அண்ணாச்சி. தாளைக் குடுங்க" என்றான்.

வக்கீலுக்கு இது புதுசு. சரி, வாசிக்கட்டும் என்றார். காதர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். டிராஃப்ட் கிடையாது. நான் சொன்னது என் தலையில்தான் இருந்தது, அதுதான் டிராஃப்ட். அவன் வாசிக்க ஆரம்பித்தான். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கமா. ஃபுல்ஸ்டாப். பாரா. என் பேர், வயசு, எத்தனை வருஷ சர்வீஸ் எல்லாம் சரி. பிறகு இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் சொல்லுகிறேன்: "நிர்வாக அதிகாரி தொலைபேசியில் பேசியது, கமா, மழைச் சத்தத்தில், கமா, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஃபுல்ஸ்டாப்."

"நான் அப்படிச் சொல்லலை!" என்று எழுந்துவிட்டேன். "இது நான் சொன்னதில்லை சார்! நல்லாக் கேட்டுச்சுன்னு சொன்னேன்!"

வக்கீல், "இருங்க, ஆட்சேபம் குறிச்சுக்கிடுதேன்" என்றார். அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். காதர் நிறுத்தவில்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தான், மேலே போனான். நடுவில் நிறுத்தக் கூடாதல்லவா. தன் கழுத்துக்கு வருகிற கயிற்றை, ஒரு முறுக்கு விடாமல், கமா விடாமல், கடைசி ஃபுல்ஸ்டாப் வரை வாசித்தான். வாசித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"ஏலே, போடாதலே!" என்றேன்.

கை பழகின கை. கீழே இடது மூலையில் இனிஷியல் விழுந்துவிட்டது.

அதிகாரி ஜன்னலிலிருந்து திரும்பினார். தாளை மெதுவாக இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "சார், பதிவு பண்ணிக்குங்க. சம்பந்தப்பட்டவரே வாக்குமூலத்தை முழுசாப் படிச்சு, ஒத்துக்கிட்டு, கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அது வாசிச்ச இனிஷியல் சார்!" நான் கத்தினேன். "வாசிச்சேன்னுதான் அர்த்தம்! இந்த ஆபீசுல யாரை வேணா கூப்பிட்டுக் கேளுங்க!"

வக்கீல் எல்லாரையும் பார்த்தார். கணக்குப் பிரிவில் ஒருவரும் தலை தூக்கவில்லை. பள்ளிவாசல், கோயில் என்று சிரித்தவர்கள், காணிக்கை என்று கிண்டல் வாங்கினவர்கள், அத்தனை பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி சொன்னார்: "அப்படி ஒரு வழக்கம் இந்த ஆபீஸ்ல கிடையாது சார். என் உத்தரவு இருக்கு."

நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு விட்டிருந்த இடம் காலியாகவே ஒரு மூலையில் கிடந்தது. வாசிக்கச் சொல்லி நீ கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு சிலபேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். கேட்டது தப்பில்லை. தப்பு எங்கே என்று அவர்களுக்கும் தெரியும்.

வெளியே வந்தோம். மேற்கே மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் காதர் சொன்னான்.

"அடிச்ச புள்ளை நல்லா அடிச்சிருக்கா அண்ணாச்சி. ஒரு கமா தப்பில்லை."

எனக்கு அழுகை வந்தது, அவனுக்கு வரவில்லை. டைப்பிங் மிஸ்டேக் என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை தருகிறோம் என்று என்னிடமே சொல்லி அனுப்பினார்கள். "அடிக்காத தப்பை அடிச்சேன்னு எப்படி அண்ணாச்சி அடிக்கது?" என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டான். வேலை போயிற்று. மச்சான் மறுபடி விசா அனுப்பினான். உம்மாவை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். நானும் போயிருந்தேன். அந்த அம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. "வெள்ளிக்கிழமை வந்திருவியா?" என்று கேட்டது. வேலைக்குத்தான் போகிறான், கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் நடுவில்தான் இருக்கிறான் என்று நினைத்திருக்கும் போல. "வந்திருதேன் உம்மா" என்றான்.

அவன் விமானம் ஏறின அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். அம்மன் சன்னதியில் கூட்டமில்லை. தேங்காய் பழத் தட்டைப் பட்டரிடம் கொடுத்தேன். பேர், நட்சத்திரம் கேட்டார். அதிகாரியின் பேரைச் சொன்னேன். நட்சத்திரம் தெரியாது என்றேன்.

"யாரு, சொந்தக்காரரா?"

"இல்ல சாமி. மேலதிகாரி."

பட்டர் முகம் மலர்ந்துவிட்டது. "அதிகாரிக்கு அர்ச்சனை பண்ணுதவுகளை இப்பத்தான் பாக்கேன். அவரு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிடுதீகளாக்கும்?"

"நல்லா இருக்கதுக்கு இல்ல சாமி. ஆளு யாருன்னு அம்மைக்குத் தெரியணும்லா? அந்தப் பேருல இந்த ஊர்ல நாலுபேர் இருப்பான், தப்பான ஆளுக்குப் போயிரக் கூடாது. இனிஷியலோட சொல்லுங்க."

பட்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், மணியை அடித்து, இனிஷியலோடு, உரக்கச் சொன்னார்.